முந்திக்கொண்ட கை

எச்சரிக்கை ஒலிப்பதற்கு முன்பே அந்தப் பெண்ணின் கை, எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைத் தள்ள ஆரம்பித்துவிட்டது. கண் இமைக்கிற நேரம்தான். ஆனாலும் பார்த்துவிட்டேன். கைகளைப் பார்ப்பதுதானே என் பிழைப்பு.

நான் சிமுலேட்டர் பயிற்சியாளர். ஒரு விமானத்தின் முன்னறையை மட்டும் அப்படியே வெட்டியெடுத்து, இரும்புக் கால்களின்மேல் தூக்கி நிறுத்தி, பெரிய கொட்டகைக்குள் வைத்திருக்கிறார்கள். முன்னால் இரண்டு விமானிகள் உட்கார்ந்து ஓட்டுவார்கள். சன்னலுக்கு வெளியே திரையில் ஓடுதளமும் மேகமும் வரும். பின்னால், தரையில் பதித்த தண்டவாளத்தின்மேல் என் நாற்காலி. எதிரே ஒரு தொடுதிரை. அதில் நான் விரல் வைத்தால் எஞ்சின் பற்றி எரியும், காற்று புரட்டிப்போடும், கதவு திறந்துகொள்ளும். சாமிக்கு அடுத்தபடி நீதான் அக்கா என்று தம்பி கிண்டல் செய்வான். அவனும் இதே கம்பெனியில் கேப்டன்.

முன்பெல்லாம் இந்தப் பரீட்சை வினாத்தாள் வெளியான பரீட்சை மாதிரிதான் நடக்கும். ஓடுதளத்தில் வேகமெடுக்கும்போது எஞ்சின் நிற்கும். நிற்கும் என்று எல்லாருக்கும் தெரியும். நிற்காவிட்டால்தான் பதறுவார்கள். இப்போது அந்தக் கூத்தெல்லாம் போய்விட்டது. நிஜ விமானங்களின் பதிவுக் கருவிகளைப் பிரித்துப் பார்த்து, விமானிகள் உண்மையில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று ஆதாரம் திரட்டி, அந்த ஆதாரத்தின்மேல் பயிற்சியைக் கட்டுகிறார்கள். கை எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறது என்பது மட்டும் கணக்கில்லை. எதிர்பாராதது வரும்போது தலை எப்படி வேலை செய்கிறது, பக்கத்து ஆளிடம் எப்படிப் பேசுகிறார்கள், அதிர்ச்சியிலிருந்து எப்படி மீள்கிறார்கள், இதெல்லாம்தான் மதிப்பெண். அதனால் என்ன வரும், எப்போது வரும் என்று விமானிகளுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் இந்த முறைக்கே அர்த்தமில்லை.

அன்று ஓட்டியது மின்னல். கோ-பைலட் பெண், கம்பெனிக்கு வந்து ஒரு வருடம். கை அவ்வளவு வேகம் என்பதால் எல்லாரும் வைத்த பெயர் அது. பக்கத்தில் தொப்பி, வழுக்கையை மறைக்க சிமுலேட்டருக்குள்ளும் தொப்பி போட்டுக்கொள்ளும் கேப்டன். தரை நெருங்குகிறது. நான் முன்னால் நகர்ந்து திரையைத் தொட்டேன். காற்று திசைமாறி, எச்சரிக்கைக் குரல் அலறி, அதற்குப் பிறகு அவள் திடுக்கிட வேண்டும். அவளோ குரல் வருவதற்குள் த்ராட்டிலைத் தள்ளிவிட்டாள். தொப்பியும் முதுகை நிமிர்த்தி ரெடியாக உட்கார்ந்திருந்தார். விமானம் ஜம்மென்று மேலே ஏறியது.

வெளியே வந்ததும் நிறுத்திவைத்துக் கேட்டேன். "எப்படிம்மா? எச்சரிக்கையே வரலையே, அதுக்குள்ள எப்படித் தள்ளினே?"

"தயாரா இருந்தேன் மேடம்."

தயாராக இருந்தாளாம். யாருக்குக் காது குத்துகிறாள்? முப்பது வருடம் விமானம் ஓட்டியவள் நான். தொப்பியைப் பார்த்தேன். அவர் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். வினாத்தாள் எங்கேயோ வெளியாகிறது என்று எனக்கு அப்போதே மூக்கில் வியர்த்துவிட்டது.

மறுநாளே கணக்குப்பிள்ளை கூப்பிட்டனுப்பினார். பயிற்சித் தலைவரைத்தான் அப்படிச் சொல்வோம். மனிதர் "காலை வணக்கம்" சொன்னால்கூட அதில் ஒரு சதவீதம் இருக்கும். அவர் அறையில் எப்போதும் ஏசி உச்சத்தில் ஓடும். மேசையில் கம்ப்யூட்டரும் ஒரு கண்ணாடி டம்ளரும் தவிர ஒன்றும் இருக்காது.

"கேப்டன், உங்க செஷன்ல எல்லாரும் புலி" என்றார். "அதே ஆளுங்க மத்தவங்க செஷன்ல பூனை. திடீர்னு ஒண்ணு வந்தா உங்ககிட்ட உடனே சுதாரிக்கிறாங்க. வேற பயிற்சியாளர்கிட்ட திருதிருன்னு முழிக்கிறாங்க. ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை. எல்லாரும்."

"நான் நல்லா சொல்லித் தரேன்னு வெச்சுக்கலாமே சார்."

"அப்படித்தான் நானும் முதல்ல சந்தோஷப்பட்டேன். ஆனா முதல் தடவை உங்ககிட்ட வர்றவங்க முழிக்கிறாங்க. அடுத்த தடவையிலேர்ந்துதான் புலி. நான் பேசல கேப்டன், ஆதாரம் பேசுது." கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். "பயிற்சித் திட்டத்தை நான் எழுதறேன். முந்தின நாள் ஒரு பிரதி உங்க கைக்கு வருது. மூணாவது ஆளுக்குத் தெரியாது. என்கிட்டேர்ந்து போகலை. வெள்ளிக்கிழமை தணிக்கைக்கு வராங்க. அதுக்குள்ள யார் மூலமா வெளியே போகுதுன்னு எனக்குத் தெரியணும். தெரியலைன்னா உங்களைப் பின்சீட்லேர்ந்து எடுக்கறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லை."

கடைசியாக, சாதாரணமாகக் கேட்பதுபோல் ஒன்று கேட்டார். "நீங்களும் தம்பி குடும்பமும் ஒரே வீடுதானே?"

பின்சீட்டு போனால் எனக்கு வேறு எதுவும் இல்லை. இதை வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன். நிஜ விமானத்தின் முன்சீட்டு இரண்டு வருடத்துக்கு முன்பே போய்விட்டது. காது. எஞ்சின் இரைச்சலில் இத்தனை வருடம் இருந்தால் என்ன ஆகும்? மெல்லிய, கூர்மையான சத்தங்கள்தான் முதலில் போகும் என்றார் காது டாக்டர். பறவை, வாசல் மணி, அந்த மாதிரி. இடப்பக்கம் கொஞ்சம் மோசம் என்று சொல்லி லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள். பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க டாக்டர் சான்று தேவையில்லை என்பதால் இந்த நாற்காலி மிஞ்சியது. காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுத்தார்கள். அது அலமாரியில், துணிகளுக்கு அடியில் கிடக்கிறது. எனக்கு எதற்கு? என் காது நன்றாகத்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் ஜனங்கள்தான் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள்.

அன்றிலிருந்து எவரைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம்தான். கான்டீனுக்குள் போனால் விமானிகளின் மேசையில் பேச்சு நின்றது. தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினால் பின்னால் சிரிப்பு. என்னைப் பற்றித்தான், வேறென்ன? சிமுலேட்டர் மெக்கானிக் வலிய வந்து, "மேடம், உள்ள எல்லாம் ஒழுங்கா இருக்குல்ல?" என்று கேட்டான். அவன் எதற்கு விசாரிக்கிறான்? தொப்பி எனக்கு டீ வாங்கிக்கொடுத்தார். அந்த மனிதர் பெற்ற பிள்ளைக்கே டீ வாங்கித் தரமாட்டாரே! டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

கடைசியில் சந்தேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. திட்டத்தின் பிரதியை நான் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் படிப்பேன். தம்பி போன வாரம்தான் மின்னலோடு பறந்துவிட்டு வந்து, "அந்தப் பொண்ணு நல்லா வருவாக்கா" என்று சொன்னான். எதற்காக அந்தப் பாராட்டு? இன்னொன்றும் ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளாகவே அவன் மேசையில் தன் இடத்தை மாற்றிக்கொண்டுவிட்டான். முன்பு என் இடப்பக்கம் உட்கார்ந்து சாப்பிடுவான், இப்போது வலப்பக்கம். பேப்பரை நான் வலப்பக்கம்தான் வைப்பேன்.

நான் தூக்கி வளர்த்தவன். அவனுக்குப் பறக்கும் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்க நான் ஏறாத படியில்லை. அவனா? மனது கேட்கவில்லை. ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் மனது சொல்வதை யார் கேட்கிறார்கள்?

பொறி வைத்தேன். விமானத்தின் சமையலறைப் பகுதியில் புகை வருவதாக நானே ஒரு போலித் திட்டம் எழுதி, மேசையில் விட்டு, அதன் மூலையில் ஒரு மிளகை வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் பேப்பர் தலைகீழாகத் திரும்பியிருந்தது. மிளகைக் காணோம். சிரிப்பு வருகிறதா? எனக்கு அன்று வரவில்லை.

அன்று மாலை சாப்பிடும்போது நேராகவே கேட்டுவிட்டேன். "என் பேப்பரை எவன்டா பாக்கிறது?"

தம்பி கையிலெடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான். "என்ன பேப்பர்?"

"நடிக்காதே. திட்டம் வெளியே போகுதுன்னு கணக்குப்பிள்ளை என் கழுத்துல கத்தி வெச்சிருக்காரு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆளைச் சொல்லலைன்னா என் சீட்டு போயிடும்."

அவன் முகம் மாறியது. குற்றவாளியின் முகம் என்று அப்போது நினைத்தேன். "அக்கா, வேணாம். இதை இத்தோட விட்டுடு. வேற டிபார்ட்மெண்ட் கேளு. நீயே எழுதிக் கொடுத்துட்டுக் கௌரவமா வந்துடு."

"நான் ஏன்டா வரணும்? நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"உன் பேப்பரை யாரும் பாக்கலை. போதுமா? யாரும் பாக்க வேண்டிய அவசியமே இல்லை."

"அவசியமே இல்லையா? அவ்வளவு கெட்டிக்காரங்களா நீங்கள்லாம்? மனப்பாடமா?"

அவன் மனைவி குறுக்கே வந்தாள். "அண்ணி, மேசையைத் துடைச்சது நான். பேப்பரை எடுத்து நான்தான் திருப்பி வெச்சேன்."

"புருஷனைக் காப்பாத்தறியா? நல்லா இரு."

தம்பி எழுந்து கை கழுவப் போனான். கழுவிக்கொண்டே முதுகைக் காட்டி ஏதோ சொன்னான். என் காதில் விழவில்லை. "என்னடா முணுமுணுக்கறே? தைரியம் இருந்தா சத்தமா சொல்லு" என்றேன். அவன் திரும்பி என்னையே பார்த்தான். பிறகு மாடிக்குப் போய்விட்டான்.

காலையில் நேரே கணக்குப்பிள்ளை அறைக்குப் போனேன். ராத்திரி முழுக்கத் தூங்காத எரிச்சல் எனக்கு. தம்பியின் பெயரைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஆதாரம்?"

"மேசையில பேப்பர் திரும்பியிருந்தது சார். மேல வெச்ச மிளகைக் காணோம்."

மிளகு என்று அவர் டைப் செய்வதைப் பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் வாயிலிருந்து வந்ததைத் திரும்ப விழுங்க முடியுமா? அவர் போனை எடுத்து, தம்பியை அன்றைய விமானத்திலிருந்து இறக்கி, சாயங்காலம் விசாரணைக்கு வரச்சொல்லிவிட்டார். "நீங்க இன்னைக்கு செஷனை நடத்துங்க கேப்டன். முடிச்சுட்டு வாங்க" என்றார்.

பிற்பகலில் மறுபடியும் மின்னலும் தொப்பியும். இந்தத் தடவை நான் ஒரு காரியம் செய்தேன். கணக்குப்பிள்ளையின் திட்டத்தை உறையோடு பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். என்ன கொடுக்கப்போகிறேன் என்பதைத் தலைக்குள் மட்டும் வைத்துக்கொண்டேன். எப்போது என்று எனக்கே தெரியாது. மனதில் தோன்றுகிற நிமிடத்தில் திரையைத் தொடுவேன். எந்தத் தம்பி, எந்த மெக்கானிக், எந்தத் திருடன் இதைத் திருடுவான், பார்த்துவிடலாம்.

விமானம் மேலேறி, மேகத்தைத் தாண்டி, சமனாகப் போய்க்கொண்டிருந்தது. மின்னலின் கைகள் மடியில். தொப்பி காலையில் பார்த்த வீட்டு வாடகை விளம்பரத்தைப் பற்றி அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கைகள் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, வழக்கம்போல் நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தேன். மற்றப் பயிற்சியாளர்கள் திரையோடு ஒட்டிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. தோன்றியது. முன்னால் நகர்ந்தேன். விரலை நீட்டினேன்.

விரல் திரையில் படவில்லை. சத்தியமாகப் படவில்லை. மின்னலின் கை மடியிலிருந்து எழுந்தது. தொப்பி வாடகையைப் பாதியில் விட்டார்.

நான் திரையைத் தொட்டேன். கேபினில் காற்றழுத்தம் இறங்குவதாக எச்சரிக்கை அலறியது. இருவரும் முகமூடியை எடுத்து மாட்டி, அழகாகப் பேசி, அழகாகக் கீழே இறங்கினார்கள். முழு மதிப்பெண். என் தலைக்குள் எவன் புகுந்தான்?

செஷன் முடிந்ததும் பக்கத்து அறையில் உட்கார்ந்து வீடியோ போட்டுப் பார்ப்பது முறை. சிமுலேட்டருக்குள் நடப்பது படமும் சத்தமுமாகப் பதிவாகும். இந்தப் புது முறையில் பயிற்சியாளர் பிரசங்கம் செய்யக்கூடாது. கேள்வி கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவர்களே யோசித்து அவர்களே சொல்ல வேண்டும். எனக்கு அது வரவே வராது. கேள்வியும் நானே, பதிலும் நானே, திட்டும் நானே. அன்று மட்டும் எனக்குத் திட்டுவதற்குத் தெம்பில்லை.

மேகத்துக்கு மேலே சமனாகப் போகும் இடத்துக்கு வீடியோவை நகர்த்தி ஓடவிட்டேன். ஸ்பீக்கர் சத்தத்தை முழுக்க ஏற்றினேன். படத்தில் தொப்பி வாடகை பேசுகிறார். பின்னால் நான் முன்னுக்கு நகர்கிறேன். மின்னலின் கை எழுகிறது.

"இந்த இடத்துல" என்று நிறுத்தினேன். "உனக்கு எது தோணிச்சு?"

அவள் தொப்பியைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமினார். நான் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். சரி, இன்னொரு தடவை பார்க்கலாம் என்று பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டேன். இந்தத் தடவை படத்தைப் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு முகங்களைப் பார்த்தேன்.

சட்டென்று இருவர் முகமும் சுளித்தது. பல்லில் குளிர்ந்த தண்ணீர் பட்ட மாதிரி. தொப்பி தோளைக்கூடக் குறுக்கினார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மறுபடி ஓடவிட்டேன். அதே இடத்தில் அதே சுளிப்பு. அறையில் எஞ்சின் இரைச்சல் மட்டும்தான் இருந்தது எனக்கு.

"என்ன சத்தம் அது?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மின்னல் வெகுளியாகச் சொன்னாள். "நாற்காலி மேடம். நீங்க முன்னாடி வரும்போது கிரீச்சுனு கத்துமே. அது கத்தினா ஏதோ வரப்போகுதுன்னு..." தொப்பி மேசைக்கடியில் அவள் காலை மிதித்திருக்க வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டாள். "மேடம், நீங்க வேணும்னேதான் செய்றீங்கன்னு நினைச்சேன். எங்களுக்கு ஒரு ஜாடை மாதிரி."

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

தொப்பி முதல்தடவையாகத் தொப்பியைக் கழற்றினார். "எல்லாருக்கும் தெரியும் மேடம்."

சிமுலேட்டருக்குள் ஒரு விளக்கு மங்கினாலும் பழுது என்று மெக்கானிக்குக்கு எழுதிக் கொடுக்கிறவர்கள் இவர்கள். நாற்காலியைப் பற்றி மட்டும் எவரும் எழுதவில்லை. எழுதுவார்களா? கான்டீன் சிரிப்பு, தொப்பியின் டீ, எல்லாம் வந்து மூஞ்சியில் அறைந்தது. ஐயோ, நானா? வீடெல்லாம் மிளகு வைத்துத் தேடினேனே, நானேவா?

அவமானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தேன். "ரெண்டு பேரும் திரும்ப உள்ள வாங்க. இன்னொரு லேண்டிங்."

இந்தத் தடவை நான் உட்காரவில்லை. திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். அன்று கொடுத்த அதே பயிற்சிதான். தரை நெருங்குகிறது, மின்னலின் கை த்ராட்டிலின்மேல் இருக்கிறது. நின்ற இடத்திலிருந்தே விரலை வைத்தேன். காற்று மாறியது. எச்சரிக்கைக் குரல் அலறியது.

கை நகரவில்லை.

குரல் மறுபடி அலறியது. அவள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளுடைய காதுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவள் எதற்காகக் காத்திருந்தாளோ அது வரவில்லை. தொப்பி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஓடுதளத்தைப் பார்க்க வேண்டிய மனிதர், கேப்டன், நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். "தள்ளு" என்று அவர் கத்தியபோது நேரம் கடந்திருந்தது. ஓடுதளத்துக்கு முன்னாலிருந்த புல்வெளி திரையை நிறைத்தது. சிமுலேட்டர் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. திரை சிவந்து உறைந்தது.

மின்னல் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "மேடம், எனக்கு ராத்திரி ஃப்ளைட் இருக்கு" என்றாள்.

நான் ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். இந்த வயதில் அந்த இரும்புப் படியில் எப்படி இறங்கினேனோ. கணக்குப்பிள்ளையின் அறைக்கதவைத் தட்டாமலே திறந்தேன். தம்பி யூனிஃபார்மில் அவர் எதிரே உட்கார்ந்திருந்தான்.

"வாங்க கேப்டன்" என்றார் கணக்குப்பிள்ளை. "விஷயம் முடிஞ்சுது. உங்க சீட்டுக்கு ஒண்ணும் ஆகாது. உங்க தம்பி ஒத்துக்கிட்டார். திட்டத்தைப் பாத்து வெளியே சொன்னது அவர்தானாம்."

தம்பியைப் பார்த்தேன். அவன் மேசையில் இருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா பொய் சொல்றே?"

"நீ சும்மா இருக்கா."

"நாற்காலி உனக்குத் தெரியும், இல்லை?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதுவே எனக்குப் போதும். எனக்குக் கோபம் வந்தது. அவன்மேல், என்மேல், உலகத்தின்மேல். "தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கே! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது?" இப்போது அவனும் எழுந்துவிட்டான். "டிவி சத்தத்தைக் குறைன்னு சொன்னதுக்கே ஒரு மாசம் என்கூடப் பேசலை நீ. உனக்குக் காது சுத்தமா போயிடுச்சுக்கான்னு உன் மூஞ்சிக்கு நேரா எவன் சொல்றது? சொன்னா இந்தச் சீட்டையும் பிடுங்கிப்பாங்க. அப்புறம் நீ என்ன பண்ணுவே? அந்த வீட்ல சுவரைப் பாத்துக்கிட்டு உட்காருவியா? என் வேலை போனா நான் வேற கம்பெனி பாத்துப்பேன்."

"என் ஒரு சீட்டுக்காகவா? பின்னாடி அத்தனை சீட்ல ஜனங்க உட்கார்ந்து வராங்களேடா!"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கணக்குப்பிள்ளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் கொஞ்சம் கணக்கா பேசினா எனக்குப் புரியும்" என்றார்.

"பேச வேணாம் சார். ஆதாரம் கேப்பீங்களே. வாங்க, காட்டறேன்."

இருவரையும் சிமுலேட்டருக்கு அழைத்துப் போனேன். மின்னலும் தொப்பியும் படிக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றார்கள். கணக்குப்பிள்ளையைக் கேப்டன் சீட்டில் உட்காரவைத்தேன். தம்பி மற்றதில் உட்கார்ந்தான். "முன்னாடியே பாருங்க சார். திரும்பாதீங்க." எஞ்சின் இரைச்சலைப் போட்டேன். பின்னால் போய் என் நாற்காலியில் உட்கார்ந்து, பின்னுக்குத் தள்ளிக்கொண்டேன்.

நகராமல் அப்படியே எழுந்து போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தம்பி ஒத்துக்கொண்டாயிற்று. நாற்காலிக்கு நாளைக்கே கிரீஸ் போட்டுவிடலாம். என் சீட்டு எனக்கு.

முன்னால் நகர்ந்தேன்.

கணக்குப்பிள்ளையின் தலை வெடுக்கென்று திரும்பியது. "என்ன சத்தம் அது? காதைக் கிழிக்குது."

"அதுதான் சார் வெளியே போன வினாத்தாள். ஒவ்வொரு தடவையும் நான் எதையாவது கொடுக்கறதுக்கு முன்னாடி அது சொல்லிடுது. எல்லாருக்கும் கேக்குது." "எனக்குத்தான் கேக்கலை."

இரைச்சலை அணைத்தேன்.

"என்கிட்ட தேறினவங்க அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிடுங்க சார். வேற ஆளை வெச்சு மறுபடி பாருங்க. மின்னலை இன்னைக்கு ராத்திரி ஃப்ளைட்லேர்ந்து இப்பவே எடுங்க. நல்ல பொண்ணு. ஆனா அவ காத்துக்கிட்டிருக்கிறது இந்த நாற்காலிக்கு. அவ ஓட்டப்போற விமானத்துல இது இல்லை."

கணக்குப்பிள்ளை அங்கேயே உட்கார்ந்து போனை எடுத்தார். யாரிடமோ மின்னலின் பெயரைச் சொன்னார். என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பை, ஹெட்செட், கண்ணாடி எல்லாவற்றையும் நானே எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

தம்பி சீட்டிலிருந்து இறங்கி வந்தான். குறுகலான இடம், இடப்பக்கம்தான் வழி இருந்தது. அவன் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்து என் வலப்பக்கம் நின்றான்.

"வாக்கா, வீட்டுக்குப் போகலாம்" என்றான். நன்றாகக் கேட்டது.